எட்டுக்கால் பூச்சிக்கு எந்த அளவில் வீடு?

எட்டுக்கால் பூச்சி என்றதும் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது தும்புத்தடி. அது கைக்குக் கிடைக்காவிட்டால் செருப்பு. அதே எட்டுக்கால் பூச்சியில் மிகப் பெரிய வகையை வேறு நாடுகளில் சிலர் காசு கொடுத்து வாங்கி, பெட்டி செய்து, பத்து இருபது வருடங்கள் வளர்க்கிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? என் மாமி மகள் இங்கிலாந்தில் அப்படி ஒன்றை வளர்க்கிறார். விடுமுறை நாட்களில் மச்சி வீடியோ அழைப்பு எடுத்தால், எங்கள் உம்மா எழுந்து குசினிக்குப் போய்விடுவார். நானும் தம்பியும் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு, ஆத்திரோபோடாக்கள் பற்றிப் புத்தகத்தில் படித்ததை எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் நேரில் பார்ப்பது போல இருந்தது.

அங்கே நான் பார்த்தவற்றையும் தேடிப் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். இது நம் ஊரில் யாரையும் சிலந்தி வளர்க்கச் சொல்லும் கட்டுரை அல்ல. ஏன் அல்ல என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டரன்டுலா என்பது என்ன?

உடம்பெல்லாம் மயிர் மூடிய, தடித்த கால்களுள்ள பெரிய சிலந்திக் குடும்பத்தையே டரன்டுலா என்கிறார்கள். இக்குடும்பத்தில் 1000இற்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவை நம் வீட்டு மூலையில் ஒட்டடை கட்டும் சிலந்தியைப் போல வலை விரித்து இரை பிடிப்பதில்லை. பதுங்கியிருந்து பாய்ந்து பிடிக்கும். சில இனங்கள் மண்ணில் வளை தோண்டி வாழும். சில தரையில் கல்லுக்கும் மரத்துக்கும் அடியில் வாழும். சில மரப்பொந்துகளில் வாழும். எந்த இனம் எங்கே வாழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதற்கு வீடு அமைக்க முடியாது.

மச்சியிடம் இருப்பது மெக்சிக்கோ நாட்டின் சிவப்பு முழங்கால் சிலந்தி. கறுப்புக் கால்களில் முழங்கால் முழங்காலாகச் செம்மஞ்சள் நிறம் பூசியது போல இருக்கும். இது தரையில் வாழும் இனம். பெண் சிலந்தி இருபது வருடங்களுக்கு மேலும் உயிர் வாழும். ஆண் சில வருடங்களிலேயே இறந்துவிடும். மச்சி அதை வாங்கியபோது அது சின்னி விரல் நகத்தளவுதான் இருந்ததாம். ஆறு வருடங்களில் அது நான்காவது வீட்டில் குடியிருக்கிறது.

ஏன் நான்கு வீடுகள்? முதலிலேயே பெரிய வீடு ஒன்றைக் கொடுத்திருக்கலாமே? நானும் இதைத்தான் கேட்டேன். பதிலைப் புரிந்துகொள்ள, சிலந்தி எப்படி வளர்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சட்டை கழற்றி வளரும் உடம்பு

நமக்கு எலும்புக்கூடு உள்ளே இருக்கிறது. அதனால் நாம் மெல்ல மெல்ல வளர்கிறோம். சிலந்திக்கு அது வெளியே இருக்கிறது. கைற்றினால் ஆன இந்தப் புறவன்கூடு இறுகிய பிறகு பெருக்காது. பாடசாலை தொடங்கும்போது வாங்கிய சப்பாத்து வருட முடிவில் காலைக் கடிப்பது போல, உள்ளே வளரும் உடம்புக்குப் பழைய கூடு போதாமல் போகிறது. அப்போது சிலந்தி அதைக் கழற்றிவிட்டு, அடியில் ஏற்கெனவே உருவாகியிருக்கும் மெல்லிய புதிய கூட்டோடு வெளியே வருகிறது. பாம்புச் சட்டை நமக்குத் தெரியும். நண்டும் இறாலும்கூட இப்படித்தான் வளர்கின்றன.

குஞ்சாக இருக்கும்போது ஓரிரு மாதங்களுக்கு ஒரு தடவை சட்டை கழற்றும். வளர வளர இடைவெளி நீளும். முதிர்ந்த பெண் சிலந்தி வருடத்துக்கு ஒரு முறை, சிலவேளை அதைவிடவும் பிந்தியே கழற்றும்.

சட்டை கழற்றும் நாள் நெருங்குவதைச் சில அடையாளங்களால் அறியலாம். சிலந்தி சாப்பிட மறுக்கும். நிறம் மங்கும். வயிற்றில் மயிர் உதிர்ந்த வெறும் இடம் இருந்தால் அது கறுத்துப்போகும். சில சிலந்திகள் தம் பதுங்குமிடத்தின் வாயை நூலால் மூடி, 'உள்ளே வராதே' என்று சொல்வது போல இருந்துவிடும். பிறகு நூலால் ஒரு பாய் விரித்து, அதன் மேல் மல்லாந்து படுக்கும்.

இந்த இடத்தில்தான் புதிதாக வளர்ப்பவர்கள் பயந்துபோகிறார்கள். மல்லாந்து கிடப்பதால் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. உண்மையில், சாகும் சிலந்தி பெரும்பாலும் நிமிர்ந்த நிலையிலேயே கால்களை உடம்புக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும். கால்களை விரித்து மல்லாந்து கிடக்கும் சிலந்தி சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது.

அப்போது உடம்புக்குள் நடப்பது வியப்பானது. வயிற்றுப் பகுதியிலிருந்து திரவம் முன்பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. அந்த அழுத்தத்தில் முதுகு ஓடு போத்தல் மூடி திறப்பது போல விளிம்பில் வெடித்துத் திறக்கிறது. பிறகு வயிற்றின் பக்கங்கள் கிழிகின்றன. கையுறையிலிருந்து விரல்களை உருவுவது போல எட்டுக் கால்களையும் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுக்கிறது. நச்சுப்பற்களின் உறை, இரையை உறிஞ்சும் வயிற்றின் உள்தோல், புத்தகத் தாள்கள் போல அடுக்கிய சுவாசப்பையின் உள்தோல் எல்லாமே பழைய சட்டையோடு கழன்று வருகின்றன. வளர்ப்பவர்கள் அந்தச் சட்டையை நீரில் நனைத்து விரித்துப் பார்த்து, அது ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடுவார்கள். முன்பு ஒரு கால் முறிந்திருந்தால் புதிய கால் சிறியதாக முளைத்திருக்கும். அடுத்தடுத்த சட்டைகளில் அது மற்றக் கால்களின் அளவுக்கு வந்துவிடும்.

இதற்குச் சில மணித்தியாலங்கள் ஆகும். முடிந்ததும் சிலந்தி மிகவும் பலவீனமாக இருக்கும். அதன் பற்கள் வெள்ளையாக, மென்மையாக இருக்கும். அவை சிவந்து, பிறகு கறுத்து இறுகும் வரை அதனால் எதையும் கடிக்க முடியாது. அந்த நேரத்தில் பெட்டிக்குள் ஒரு வெட்டுக்கிளியை விட்டு வைத்தால், இரையே வேட்டைக்காரனைக் கடித்துத் தின்றுவிடும். ஆகவே பெரிய சிலந்திக்கு ஒன்று இரண்டு வாரங்கள் உணவு கொடுப்பதில்லை. தண்ணீர் மட்டும் இருக்க வேண்டும்.

"அந்த நாட்களில் நான் செய்யும் ஒரே வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான்" என்று மச்சி சொன்னார். சிலந்தி வளர்ப்பில் கடினமான பாடம் இதுதான் போலும்.

உடம்புக்கு ஏற்ற வீடு

இனி என் கேள்விக்கு வருவோம். குஞ்சுச் சிலந்தியைப் பெரிய பெட்டியில் விட்டால் என்ன?

முதலாவது, அதற்கு இரை கிடைக்காது. பெட்டியின் ஒரு மூலையில் இரையும் மறு மூலையில் சிலந்தியுமாக இருக்கும். இரண்டாவது, அது சாப்பிட்டதா, சட்டை கழற்றியதா, உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்க முடியாது. மூன்றாவது, குஞ்சின் உடம்பு எளிதில் காய்ந்துவிடும். சிறிய குப்பியில் ஈரத்தைப் பேணுவது சுலபம், பெரிய பெட்டியில் அது கடினம்.

எனவே மச்சியின் சிலந்திக்கு முதல் வீடு ஒரு மாத்திரைக் குப்பி. ஊசியால் காற்றுத் துளைகள் போட்டு, பாதிக்கு மேல் ஈரமான தும்புத்தூள் நிரப்பியது. கால் நுனியிலிருந்து கால் நுனி வரை 3 சென்ரிமீற்றர் ஆனதும் யோகட் கப் அளவிலான பாத்திரம். அதற்குப் பிறகு 15 சென்ரிமீற்றர் நீளமான பிளாஸ்டிக் பெட்டி. இப்போது சிலந்தி 12 சென்ரிமீற்றர் விரிவுக்கு வந்துவிட்டதால் ஓர் அடிக்கும் சற்று அதிக நீளமான பெட்டி.

தரையில் வாழும் சிலந்திக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. பெட்டியின் நீளம் சிலந்தியின் கால் விரிவைப் போல மூன்று மடங்கு இருந்தால் போதும். ஆனால் மண்ணின் மேற்பரப்பிலிருந்து மூடி வரையான உயரம் கால் விரிவின் ஒன்றரை மடங்கை மீறக் கூடாது. இதற்குக் காரணம் இருக்கிறது. சிலந்தி தன் கால்களை நீட்டுவது தசையால் மட்டுமல்ல, உடம்பிலுள்ள திரவத்தின் அழுத்தத்தாலும்தான். அதன் வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் போன்றது. பாரமான தரைச் சிலந்தி கண்ணாடியில் ஏறிக் கைநீள உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்து இறந்துவிடலாம். மனிதர் தம் வசதிக்காகக் கட்டும் உயரமான அழகான கண்ணாடிப் பெட்டி அதற்கு ஆபத்து.

மரத்தில் வாழும் இனத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். அகலத்தைவிட உயரம் வேண்டும். நிமிர்த்தி வைத்த மரப்பட்டை ஒன்றும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள இடமும் வேண்டும். வளை தோண்டும் இனத்துக்கோ ஆழமான மண் வேண்டும். ஆக, ஒரே பெட்டி எல்லாச் சிலந்திக்கும் பொருந்தாது.

எல்லா வீட்டுக்கும் பொதுவானவை சில. ஒளிந்துகொள்ள ஓரிடம் வேண்டும், பாதி உடைந்த சிரட்டை போதும். ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம் வேண்டும். காற்றோட்டத்துக்குச் சிறு துளைகள் வேண்டும். கம்பி வலை மூடி நல்லதல்ல, ஏனெனில் கால் நகங்கள் வலையில் சிக்கிக்கொள்ளும். வெயிலில் வைக்கக் கூடாது.

வீடு மாற்றும் நாள்

எப்போது மாற்றுவது? சிலந்திக்குப் பெட்டி நெருக்கமாகிவிட்டது என்று தெரியும்போது. ஆனால் அது சாப்பிட மறுத்து, சட்டை கழற்றத் தயாராகும்போது மாற்றக் கூடாது. கழற்றிய உடனேயும் கூடாது. பற்கள் கறுத்து, உடம்பு இறுகிய பிறகே மாற்ற வேண்டும்.

மச்சி இதைச் செய்வதைத் திரையில் முழுமையாகப் பார்த்தோம். முதலில் புதிய பெட்டியை எல்லாம் சரியாக அமைத்து வைத்தார். அறைக் கதவைச் சாத்தினார். மேசையில் அல்ல, தரையில் உட்கார்ந்தார், விழுந்தாலும் உயரமில்லை. ஒரு தெளிவான பிளாஸ்டிக் கோப்பையைச் சிலந்தியின் முன்னால் படுக்கையாக வைத்து, மென்மையான ஓவியத் தூரிகையால் அதன் பின்னங்காலை மெதுவாகத் தொட்டார். அது இரண்டு அடி முன்னால் வைத்தது. மீண்டும் தொட்டார். கோப்பைக்குள் போனதும் வாயைக் கடதாசி மட்டையால் மூடி, புதிய பெட்டிக்குள் கோப்பையோடு வைத்து மட்டையை எடுத்துவிட்டார். கையால் தொடவே இல்லை.

சிலந்தி அரை மணித்தியாலம் கோப்பைக்குள்ளேயே இருந்தது. மச்சி கோப்பையைத் தட்டவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை. பிறகு அது தானாக வந்து, ஒவ்வொரு காலாக வைத்துப் புதிய மண்ணைத் தொட்டுப் பார்த்தது. அடுத்த சில நாட்கள் அது சாப்பிடவில்லை. புதிய இடத்துக்கு வந்த எந்தச் சிலந்தியும் அப்படித்தான். நூல் விரித்து, மண்ணைக் கிளறி, அது தன் இடம்தான் என்று தெரிந்த பிறகே இரையைத் தேடும்.

நம் நாட்டுச் சிலந்தியின் வீடு

"தாத்தா, நாங்களும் ஒன்று பிடிச்சு போத்தலுக்குள்ள வளர்ப்பமே!" என்று தம்பி அன்று கேட்டான். கொஸ்லந்தயில் அவன் வயதுப் பையன்கள் பலருக்கு இந்த ஆசை உண்டு. அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் டரன்டுலாக்கள் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றவை பொயிசிலோதேரியா என்ற பேரினத்தைச் சேர்ந்த மரச் சிலந்திகள். சிங்களத்தில் இவற்றைத் 'திவி மக்குளுவா', அதாவது சிறுத்தைச் சிலந்தி, என்பார்கள். சாம்பல், கறுப்பு, வெள்ளை கலந்து அழகான கோலம் போட்டது போன்ற உடம்பு. உலகத்தில் இந்தப் பேரினம் இலங்கையிலும் இந்தியாவிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. இராமேஸ்வரத்தில் கண்டுபிடிக்கப்பட்டு 2004இல் பெயரிடப்பட்ட ஓரினம், பின்னர் கடலுக்கு இப்பால் மன்னாரிலும் கண்டறியப்பட்டது.

வடக்கில் மாங்குளத்தில் 2009இல் கிராமத்தவர்கள் ஓர் இறந்த சிலந்தியை ஆய்வாளர் ரணில் நாணயக்காரவின் குழுவினருக்குக் காட்டினார்கள். அதுவரை யாரும் விவரிக்காத இனம் அது. கால் விரிவு சுமார் 20 சென்ரிமீற்றர், ஒரு மனித முகத்தளவு. 2012இல் அதற்குப் பொயிசிலோதேரியா ராஜேய் என்று பெயரிட்டார்கள். ஆய்வாளர்களுக்கு அப்பகுதியில் துணையாகச் சென்ற ஒரு பொலிஸ் அதிகாரியின் நினைவாக வைத்த பெயர் அது. இச்சிலந்திகள் பொந்துள்ள முதிய மரங்களையே விரும்புகின்றன. அத்தகைய மரங்கள் குறைந்துவிட்டதால் பழைய கட்டடங்களுக்குள் வருகின்றன என்று அவர்கள் எழுதினார்கள்.

இதை வாசித்தபோது மச்சியின் நான்கு பெட்டிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. காட்டிலும் சிலந்தி வீடு மாற்றத்தான் செய்கிறது. இந்த மரச் சிலந்தியின் குஞ்சுகள் கொஞ்ச காலம் தாயோடு ஒரே பொந்தில் வாழும். பிறகு பிரிந்து பட்டை இடுக்குகளில் தங்கும். வளர வளரப் பெரிய பொந்து வேண்டும். இடுக்குள்ள இளம் மரம் எங்கும் கிடைக்கும். ஒரு முழுச் சிலந்தி நுழையக்கூடிய பொந்து உருவாக ஒரு மரம் பல பத்து வருடங்கள் நிற்க வேண்டும். நாம் 'உளுத்துப்போன மரம்' என்று முதலில் வெட்டுவதும் அந்த மரத்தைத்தான்.

இதற்கு மேல் வியாபாரமும் சேர்ந்துகொண்டது. அழகான கோலம் காரணமாக இந்தச் சிலந்திகளுக்கு வெளிநாடுகளில் நல்ல விலை. எனவே 2018இல் அமெரிக்கா இலங்கையின் ஐந்து இனங்களை அழியும் ஆபத்திலுள்ளவை என்று பட்டியலிட்டது. கொழும்பில் நடக்க இருந்து ஜெனீவாவுக்கு மாற்றப்பட்ட 2019ஆம் ஆண்டின் சைற்றிஸ் மாநாட்டில், பொயிசிலோதேரியா பேரினம் முழுவதும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவரப்பட்டது. நம் நாட்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டமும் காட்டுயிர்களைப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. மச்சியிடம் இருப்பது வளர்ப்பாளர் ஒருவரிடம் பெட்டியிலேயே பிறந்த குஞ்சு. நம் மரத்திலிருந்து பிடிப்பது அப்படியல்ல. போத்தலில் அடைத்தால் காட்டிலே ஒன்று குறைகிறது. அது முட்டையிட இருந்த பெண்ணாக இருந்தால் அதன் குஞ்சுகளும் சேர்ந்து குறைகின்றன.

வீட்டுக்குள் வந்துவிட்டால்?

பெற்றோர்கள் கேட்கும் கேள்வி இதுதான்: கடித்தால் என்ன ஆகும்? நம் மரச் சிலந்தியின் கடி சாதாரணமானதல்ல. கடும் வலியும், சில நாட்கள் வந்துபோகும் தசைப்பிடிப்பும் ஏற்படலாம். இக்கடியால் யாரும் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. ஆனாலும் கடிபட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அது தானாகத் துரத்தி வந்து கடிப்பதில்லை. மிதித்தாலோ நசுக்கினாலோ கையால் பிடித்தாலோதான் கடிக்கும். அதிலும் மிக வேகமாக ஓடக்கூடியது. ஆகவே பிள்ளைகள் இதைச் செய்யக் கூடாது, பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

கடந்த வருடம் மழைக் காலத்தில் எங்கள் மூத்தம்மாவின் வீட்டுச் சுவரில் மயிர் மூடிய பெரிய சிலந்தி ஒன்று வந்து நின்றது. நானா செருப்பை எடுத்தார். "கொஞ்சம் பொறுங்க" என்று வாப்பா தடுத்தார். மச்சி செய்த முறையை நான் சொல்ல, வாப்பா அகன்ற வாயுள்ள ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் போத்தலை அதன் மேல் மெதுவாகக் கவிழ்த்தார். சுவருக்கும் போத்தல் வாய்க்கும் இடையில் பழைய கலண்டர் மட்டையைச் செருகினார். தோட்டத்து எல்லையில் நிற்கும் பழைய பலா மரத்தடியில் போத்தலைச் சாய்த்து வைத்துவிட்டு, தடியால் மட்டையைத் தள்ளிவிட்டுத் தள்ளி நின்றோம். அது பட்டையில் ஏறிப் போய்விட்டது. மூத்தம்மா அன்றிரவு இரண்டு தடவை கட்டிலுக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிடித்த சிலந்தியைத் தூரத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டியதில்லை. அருகிலுள்ள முதிய மரமே போதும். அது வந்தது அநேகமாக அங்கிருந்துதான்.

திருக்குர்ஆனின் 29ஆவது அத்தியாயத்துக்கே சிலந்தியின் பெயர்தான், 'அல்-அன்கபூத்'. சிலந்தியின் வீடு எவ்வளவு பலவீனமானது என்ற உவமை அதில் வருகிறது. சிறு வயதில் ஓதும்போது ஒட்டடையை மட்டும் நினைத்துக்கொள்வேன். இப்போது பொந்தும் நினைவுக்கு வருகிறது. ஒரு வாள் வெட்டுக்குத் தாங்காத வீடு அது.

கொஸ்லந்தயில் வாழும் நமக்கு மரம் என்பது சிலந்தியின் விடயம் மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தயில் மலை சரிந்து வந்ததை நம் வீடுகளில் இன்றும் பேசுகிறார்கள். சரிவு நிலத்தில் வேரூன்றி நிற்கும் ஒவ்வொரு மரமும் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நம் பெரியவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே தோழிகளே, உங்கள் வளவிலோ பள்ளிவாசல் மதிலோரத்திலோ தோட்டத்து எல்லையிலோ பொந்துள்ள முதிய மரம் ஒன்று இருந்தால், அது வீட்டின் மேல் விழும் ஆபத்து இல்லையென்றால், அதை அப்படியே விட்டுவைக்கும்படி வாப்பாவிடம் கேளுங்கள். பெட்டி வாங்கவும் வேண்டாம், இரை போடவும் வேண்டாம். தம்பிக்கும் அந்த மரத்தைத்தான் காட்டியிருக்கிறேன். இரவில் டோர்ச்சோடு தூரத்தில் நின்று பார்க்கலாம், பொந்துக்குள் தடி விடக் கூடாது என்பது ஒப்பந்தம். இதுவரை அவன் அதை மீறவில்லை.